எதிர்த் தரப்பில் அரசு நிற்கும்போது: வாசகர் கேள்வி – பதில்

அரசுடனோ அரசு நிறுவனத்துடனோ தொழில் செய்து, வரவேண்டிய பணத்துக்காக வழக்காடும் வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தைச் சுற்றியே வந்தன: தீர்ப்புச் சொல்பவர் அரசின் பக்கம் சாய்ந்துவிடுகிறாரா? நேர் எதிரான சந்தேகத்தோடு எழுதியவரும் ஒருவர் இருந்தார். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

“சாலைப் பணிக்கான இறுதி பில் தொகை வராததால் மாவட்ட அளவிலான வணிக நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்திருக்கிறேன். அரசு வழக்கறிஞர் கேட்கும்போதெல்லாம் வாய்தா கிடைக்கிறது; என்னுடைய இடைக்கால மனுக்கள் மட்டும் தள்ளுபடியாகின்றன. நீதிபதி ஒருசார்பாக நடக்கிறார் என்று சொல்லி வேறு நீதிமன்றத்துக்கு மாற்றக் கேட்கலாமா?” — ஒப்பந்ததாரர், நாமக்கல்

கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு அதற்கு இடமளிக்கிறது. ஆனால், நீங்கள் எழுதியிருக்கும் காரணங்களை மட்டும் வைத்துக் கேட்டால் கிடைக்காது என்பதே என் கணிப்பு.

ஒருசார்பு என்று சட்டம் எதைச் சொல்கிறது என்பதற்கு 1852ஆம் ஆண்டின் ஆங்கில வழக்கு ஒன்று இன்றும் நல்ல உதாரணம். கால்வாய் நிறுவனம் ஒன்றுக்கும் தனிநபர் ஒருவருக்கும் நடந்த வழக்கில் நிறுவனத்துக்குச் சாதகமாக உத்தரவிட்டவர் இங்கிலாந்தின் லார்ட் சான்சலராக இருந்த காட்டன்ஹாம். அந்த நிறுவனத்தில் அவருக்கே பங்குகள் இருந்தன. அந்தப் பங்குகள் அவருடைய மனத்தை மாற்றியிருக்கும் என்று எவரும் கருதவில்லை. இருந்தும், தனக்கு நலன் இருக்கும் வழக்கில் எவரும் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக, அப்போது அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அந்த உத்தரவை ரத்து செய்தது. நம் உச்ச நீதிமன்றமும் 1987இல் ரஞ்சித் தாக்கூர் வழக்கில் ஏறக்குறைய இந்த வழியில்தான் சென்றது: நீதிபதி ‘நான் ஒருசார்பாக இருக்கிறேனா’ என்று தன் மனத்தைக் கேட்டால் போதாது, எதிரே நிற்கும் தரப்பின் மனத்தில் நியாயமான அச்சம் எழ இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது.

அந்த அச்சம் நியாயமானதாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். பங்கு, உறவு, முன்பு அதே விவகாரத்தில் வழக்கறிஞராக வாதாடியது போன்ற ஏதேனும் ஒரு தொடர்பைக் காட்ட வேண்டும். பாதகமான உத்தரவுகளை அடுக்கிக் காட்டுவது ஒருசார்புக்கு ஆதாரமாகாது. ஒரு சட்டப் பிரச்சினையில் ஏற்கெனவே கருத்துச் சொல்லிவிட்டார் என்பதும் தகுதியிழப்பு ஆகிவிடாது. நில எடுப்புச் சட்டம் குறித்த அரசமைப்பு அமர்வில் தாம் முன்பே எழுதிய தீர்ப்பு பரிசீலனைக்கு வந்தபோதும் நீதிபதி அருண் மிஸ்ரா 2019இல் விலக மறுத்தார். அந்த முடிவோடு உடன்படாத வழக்கறிஞர்கள் பலர் உண்டு. ஆயினும் நடைமுறையில் நிற்பது அதுதான்.

உங்களுக்கு இதைவிடப் பயனுள்ள வழி வணிக நீதிமன்றச் சட்டத்திலேயே இருக்கிறது. அழைப்பாணை கிடைத்த நாளிலிருந்து 120 நாட்களுக்குள் எதிர்வாதி எழுத்துமூல வாதுரையைத் தாக்கல் செய்யாவிட்டால் அந்த உரிமையையே இழந்துவிடுகிறார், அதை நீட்டிக்க நீதிமன்றத்துக்கே அதிகாரம் கிடையாது என்று 2019இல் எஸ்சிஜி காண்ட்ராக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசுக்கு இதில் விலக்கு எதுவும் இல்லை. அதேபோல, வழக்கு மேலாண்மை விசாரணை என்ற ஒன்றை நடத்தி, சாட்சி விசாரணைக்கும் வாதத்துக்கும் தேதி குறித்து, அந்த முதல் விசாரணையிலிருந்து ஆறு மாதங்களுக்குள் வாதங்களை முடிக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அந்தத் தேதிகளை நிர்ணயிக்கச் சொல்லி எழுத்தில் மனுச் செய்யுங்கள்; அடுத்த வாய்தா கேட்கப்படும்போது அந்த அட்டவணையைச் சுட்டிக்காட்டுங்கள். பல மாவட்டங்களில் இந்த மனுவை யாரும் போடுவதே இல்லை என்பது என் அனுபவம்.

மாற்றல் மனுத்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், சொற்களில் கவனம் தேவை. கீழமை நீதிமன்ற நீதிபதியைப் பற்றி உயர் நீதிமன்றத்திடம் நல்லெண்ணத்தோடு தெரிவிக்கும் கூற்று அவமதிப்பு ஆகாது என்று நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 6ஆவது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அதே கூற்றை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

“நான் பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அனுபவம் நேர்மாறானது. நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போன வழக்குகளில் ஒப்பந்ததாரர்தான் ஜெயிப்பார். மக்கள் பணம் போவதைப் பற்றி அங்கே யாருக்கும் கவலையில்லை. இது ஒருசார்பு இல்லையா?” — வாசகர், தஞ்சாவூர்

உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவர் என்பவர் ஒப்பந்தப்படி, நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்க்க நியமிக்கப்படுபவர். ஒரே சட்ட நிறுவனமோ ஒரே தரப்போ திரும்பத் திரும்ப நியமிக்கும் நடுவருக்கு அடுத்த நியமனத்தின் மீது கண் இருக்கக்கூடும். இதை உணர்ந்துதான், கடந்த மூன்றாண்டுகளில் அதே தரப்பால் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை நியமிக்கப்பட்டிருந்தால் அதை நடுவர் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று நடுவர் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த ஐந்தாம் அட்டவணை சொல்கிறது. அவர் தெரிவித்ததை வாங்கிப் படித்து, தீர்ப்பாயம் அமைந்தது தெரிந்த 15 நாட்களுக்குள் ஆட்சேபம் எழுப்ப வேண்டியது துறையின் வேலை. பெரும்பாலும் அந்தத் தாள் கோப்பில் சேர்க்கப்படுவதோடு சரி.

மற்றப் பாதியில் நான் உங்களோடு உடன்பட மாட்டேன். அரசு தோற்கும் நடுவர் தீர்ப்புகளைப் படித்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஆவணங்களில் இருக்கும்: நிலத்தை ஒப்படைத்த தேதி அளவுப் புத்தகத்தில் ஒன்றாகவும் கடிதத்தில் வேறொன்றாகவும் இருக்கும், கூடுதல் வேலைக்கு வாய்மொழியாக உத்தரவிடப்பட்டிருக்கும், தாமதத்துக்கு அபராதம் பிடித்தவர்கள் அதற்கு முன் நோட்டீஸ் கொடுத்திருக்க மாட்டார்கள். பொறியாளராக இருந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு கால வரம்பு. நடுவர் தீர்ப்பை எதிர்த்து மூன்று மாதங்களுக்குள், தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். அதைத் தாண்டி ஒரு நாள்கூடக் கிடையாது. கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்ததால் தாமதம் என்று அரசு சொன்ன காலத்தில் நீதிமன்றங்கள் தாராளமாக மன்னித்தன. 2012இல் அஞ்சல் துறை வழக்கில் அந்தத் தாராளத்துக்கு உச்ச நீதிமன்றம் முட்டுக்கட்டை போட்டது. 2021இல் போர்சே பிரதர்ஸ் வழக்கில், நடுவர் சட்டத்தின் கீழ் அடுத்த கட்டமாக வரும் மேல்முறையீடுகளில் தாமத மன்னிப்பு விதிவிலக்காகவே இருக்க வேண்டும், வழக்கமாகிவிடக் கூடாது என்றது. முன்பு அரசுக்குக் கிடைத்த சலுகை போனதைத்தான் பலர் ஒப்பந்ததாரருக்குக் கிடைத்த சலுகையாகப் பார்க்கிறார்கள்.

“எங்கள் ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் ரயில்வே அனுப்பும் ஓய்வு பெற்ற அதிகாரிகள் பட்டியலிலிருந்துதான் நாங்கள் நடுவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டோம். இனி ஒன்றும் செய்ய முடியாதா?” — கட்டுமான நிறுவனப் பங்குதாரர், சென்னை

முடியும். சொல்லப்போனால், அரசுக்கும் தொழிலுக்கும் இடையிலான வழக்குகளில் ஒருசார்பு உண்மையாகக் குடியிருந்த இடம் இதுதான். நீதிபதியின் மனம் அல்ல, நியமன விதி.

பல்லாண்டுகளாக அரசு ஒப்பந்தங்களில் தலைமைப் பொறியாளரோ நிர்வாக இயக்குநரோ நடுவர் என்று எழுதியிருப்பார்கள். பில்லைப் பிடித்துவைத்தது எந்த அலுவலகமோ அதே அலுவலகத்தின் அதிகாரி, அது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வார். ‘தெரிந்துதானே கையெழுத்துப் போட்டீர்கள்’ என்பதே அப்போது நீதிமன்றங்களின் பதில். 2009இல் இந்தியன் ஆயில் நிறுவனம் சம்பந்தப்பட்ட ராஜா டிரான்ஸ்போர்ட் வழக்கில்கூட, ஊழியர் என்ற காரணத்தால் மட்டும் நடுவர் தகுதியிழக்க மாட்டார், அந்த ஒப்பந்தத்தை அவரே கையாண்டிருந்தால்தான் சந்தேகத்துக்கு இடம் உண்டு என்றே சொல்லப்பட்டது.

2015 திருத்தம் இதை மாற்றியது. சட்டத்தின் 12ஆவது பிரிவின் ஐந்தாவது உட்பிரிவும் ஏழாம் அட்டவணையும், ஒரு தரப்பின் ஊழியரோ ஆலோசகரோ நடுவராக இருக்கத் தகுதியற்றவர் என்று அறிவித்தன. அடுத்த கேள்வி உடனே எழுந்தது: தானே நடுவராக இருக்க முடியாத அதிகாரி, வேறொருவரை நடுவராக நியமிக்கலாமா? முடியாது என்று 2017இல் டிஆர்எஃப் வழக்கிலும் 2019 நவம்பரில் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால், அதே 2019இல் ரயில்வே மின்மயமாக்கல் அமைப்பு தொடர்பான வழக்கில் மற்றோர் அமர்வு, ரயில்வே தரும் பட்டியல் முறையை ஏற்றுக்கொண்டது. ஒரே நீதிமன்றம், ஒரே ஆண்டு, இரண்டு திசை; உங்களைப் போன்ற ஒப்பந்ததாரர்கள் ஐந்தாண்டுகள் இந்தக் குழப்பத்தில் கழித்தார்கள்.

2024 நவம்பர் 8 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தீர்த்துவைத்தது. நடுவர்களை நியமிக்கும் நிலையில் இரு தரப்பும் சமமாக நடத்தப்பட வேண்டும்; ஒரு தரப்பு தயாரித்த பட்டியலிலிருந்துதான் மறு தரப்பு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது சமத்துவத்துக்கு விரோதம்; அரசும் தனியாரும் செய்யும் ஒப்பந்தத்தில் இப்படிப்பட்ட ஒருதலை நியமனம் அரசமைப்பின் 14ஆவது பிரிவை மீறுகிறது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். அரசு நிறுவனங்கள் பட்டியல் வைத்துக்கொள்வதற்குத் தடையில்லை. அதை உங்கள் மீது திணிக்கத்தான் தடை.

ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். மூன்று நடுவர்கள் கொண்ட தீர்ப்பாயங்களைப் பொறுத்தவரை, அந்தத் தேதிக்குப் பிறகு நடக்கும் நியமனங்களுக்கே இந்தத் தீர்ப்பு பொருந்தும் என்று நீதிமன்றம் வரையறுத்திருக்கிறது. எனவே, உங்கள் தீர்ப்பாயம் எப்போது அமைந்தது என்பதே முதல் கேள்வி. இரண்டாவது, தகராறு எழுந்த பிறகு ‘எனக்கு ஆட்சேபம் இல்லை’ என்று எழுத்தில் கொடுத்துவிட்டீர்களா என்பது. சட்டம் அனுமதிக்கும் ஒரே விட்டுக்கொடுத்தல் அதுதான். விசாரணையில் கலந்துகொண்டதாலேயே விட்டுக்கொடுத்ததாகக் கருத முடியாது என்று 2019இல் பாரத் பிராட்பேண்ட் வழக்கில் சொல்லப்பட்டுவிட்டதால், துறைக்கு உங்கள் எழுத்துமூலச் சம்மதம் தேவைப்படும்; துறையிலிருந்து ‘சம்பிரதாயத்துக்காக’ ஒரு கடிதம் வந்தால் வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள்.

“டெல்லி மெட்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றமே தனியார் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்துவிட்டு, பிறகு அதே நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இதை அரசுச் சார்பு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?” — சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

முதலில் நடந்தது என்ன என்று பார்க்கலாம். புதுடெல்லி ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையம் வழியாக துவாரகா வரை செல்லும் மெட்ரோ தடத்தை இயக்க, ரிலையன்ஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் தலைமையிலான கூட்டு நிறுவனம் ஒன்றோடு டெல்லி மெட்ரோ நிறுவனம் 2008இல் ஒப்பந்தம் செய்தது. டெல்லி மெட்ரோ மத்திய அரசும் டெல்லி அரசும் சம பங்கு வைத்திருக்கும் நிறுவனம். பாலங்களின் கட்டுமானத்தில் குறை இருக்கிறது என்று கூறி 2012இல் இயக்கம் நிறுத்தப்பட்டது. 90 நாட்களுக்குள் குறைகளைச் சரிசெய்யும்படி நோட்டீஸ் கொடுத்த தனியார் நிறுவனம், அவை சரிசெய்யப்படவில்லை என்று கூறி அக்டோபரில் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. 2017 மே மாதம் நடுவர் தீர்ப்பாயம் அதை ஏற்று, சுமார் 2,782 கோடி ரூபாயும் வட்டியும் தர உத்தரவிட்டது. தனி நீதிபதி அதை உறுதி செய்தார்; டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2019இல் ரத்து செய்தது; 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் முடிவை மீட்டெடுத்தது; மறுஆய்வு மனுவும் தள்ளுபடியானது. வழக்கு முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். 2024 ஏப்ரல் 10 அன்று, மறுஆய்வும் தோற்ற பிறகு போடும் கடைசி மனுவான கியூரேட்டிவ் மனுவை ஏற்ற மூன்று நீதிபதிகள் அமர்வு, 2021 தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. அதற்குள் வட்டியோடு தொகை சுமார் 8,000 கோடியைத் தொட்டிருந்தது.

அமர்வு சொன்ன காரணம் அற்பமானதல்ல. 90 நாட்களுக்குள் குறையை முழுமையாகத் தீர்க்காவிட்டாலும், தீர்ப்பதற்கான பயனுள்ள நடவடிக்கைகளைத் தொடங்கியிருந்தாலே போதும் என்று ஒப்பந்தப் பிரிவு இருந்தது. நடுவர்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. தடம் பாதுகாப்பானது என்று மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் அளித்த சான்றிதழையும் அவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். ஒப்பந்த வாசகத்தைப் படித்தால் இந்த விமர்சனம் எனக்கும் சரியாகவே படுகிறது.

என் கவலை, முடிவைப் பற்றியதைவிட அது வந்த வழியைப் பற்றியது. கியூரேட்டிவ் மனு என்பது 2002இல் ரூபா அசோக் ஹுரா வழக்கில் உச்ச நீதிமன்றமே உருவாக்கிய கடைசிக் கதவு. அப்போது குறிப்பாகச் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு: தன் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வந்தது, அல்லது நீதிபதி தனக்கிருந்த தொடர்பை வெளியிடாததால் ஒருசார்பு குறித்த அச்சம் எழுந்தது. டெல்லி மெட்ரோவில் இரண்டும் இல்லை. கடுமையான அநீதி நடந்துவிட்டது என்ற பொதுவான காரணத்தின் பேரில் கதவு திறந்தது. ஒருசார்பைத் திருத்துவதற்காகப் போட்ட கதவு, ஒருசார்பு இருக்கிறதோ என்று உங்களைக் கேட்கவைக்கும் தீர்ப்புக்குப் பாதையானது விசித்திரம்தான்.

அந்த நீதிபதிகள் அரசுக்குச் சாதகமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. நான் அப்படிச் சொல்லவும் மாட்டேன். இத்தகைய மனுக்கள் நடுவர் வழக்குகளில் நான்காவது, ஐந்தாவது கட்டமாக மாறிவிடக் கூடாது என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். ஆனால், பொதுப் பணம் 8,000 கோடி வெளியே போகப்போகிறது என்ற நிலை, ஒப்பந்தப் பிரிவை மறுபடியும் உற்றுப் பார்க்கவைத்திருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? இதே பிழையோடு தோற்றது ஒரு தனியார் நிறுவனமாகவும், வென்றது அரசு நிறுவனமாகவும் இருந்திருந்தால் கதவு திறந்திருக்குமா? தேர்வுத்தாளில் எழுதுவதற்கு இந்தக் கேள்விகள் உதவாது. வாதாடப் போகும்போது உதவும்.

“அரசுக்குக் குழாய் உதிரிபாகம் விற்ற வகையில் எங்களுக்குச் சாதகமாக உத்தரவு வந்துவிட்டது. மேல்முறையீடு செய்த வாரியம், ‘நாங்கள் அரசு, எங்கே ஓடிவிடப் போகிறோம்’ என்று சொல்லி, பணம் கட்டாமலேயே தடை கேட்கிறது. கொடுத்துவிடுவார்களா?” — சிறுதொழில் உரிமையாளர், கோயம்புத்தூர்

அந்த வாதத்துக்கு ஒரு காலத்தில் மதிப்பு இருந்தது. பிரித்தானிய ஆட்சியில் 1937இல் நுழைந்த ஒரு விதி, அரசிடம் பிணை கேட்கக் கூடாது என்றது. மேற்கு வங்க அரசுக்கு எதிரான பாம் டெவலப்மென்ட்ஸ் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம், நடுவர் தீர்ப்பின் பணத்துக்குத் தடை கேட்கும்போது அரசும் மற்றவர்களைப் போலத்தான், தனிச் சலுகை கிடையாது என்று முடித்துவைத்தது.

உங்களுக்கு அதைவிட வலுவான பிடி இருக்கிறது. ஒப்பந்தத்துக்கு முன்பே குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்து, சிறு நிறுவனங்களின் நிலுவைத் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கக் குழு வழியாக உத்தரவு பெற்றிருந்தால், 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி வாரியம் 75 சதவீதத்தை வைப்புச் செய்யாமல் அதன் மனுவை விசாரணைக்கே எடுக்க முடியாது. தாமதத்துக்கான வட்டியும் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறிக்கொண்டிருக்கும். வாரியத்தின் வழக்கறிஞருக்கு இது தெரியும். உங்களுக்குத் தெரியாது என்று நம்பித்தான் வாதாடுகிறார்.

“டெண்டர் அநியாயமாகக் கைமாறியது. பாலம் வேலைக்கு இடைக்காலத் தடை கேட்டேன், மறுத்துவிட்டார்கள்.” — வாசகர், திருநெல்வேலி

இது நீதிபதியின் சாய்வு அல்ல, நாடாளுமன்றம் தெரிந்தே வைத்த சாய்வு. சாலை, பாலம், மின்சாரம் போன்ற உள்கட்டமைப்புத் திட்டங்கள் தாமதமாகும் வகையில் தடை உத்தரவு வழங்கக் கூடாது என்று 2018இல் ‘குறிப்பிட்ட தீர்வழிச் சட்டம்’ (Specific Relief Act) என்ற சட்டத்தில் 20ஏ, 41 ஆகிய பிரிவுகள் வழியாகச் சேர்த்துவிட்டார்கள். இழப்பீடு கேட்டு வழக்காட உங்களுக்குத் தடையில்லை. டெண்டர் முடிவு தன்னிச்சையானது என்று காட்ட முடிந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் போடலாம், ஆனால் அங்கேயும் வேலையை நிறுத்தத் தயங்குவார்கள்.

“தோற்றாலும் அரசு ஏன் கடைசி நீதிமன்றம் வரை போகிறது? பேசித் தீர்க்க ஓர் அதிகாரிகூட முன்வருவதில்லையே?” — பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

மேல்முறையீடு செய்து தோற்ற அதிகாரியைத் தணிக்கை கேள்வி கேட்பதில்லை. சமரசம் பேசிப் பத்து லட்சம் விட்டுக்கொடுத்த அதிகாரியைக் கேட்கிறது. ஏன் கொடுத்தாய், யாரிடம் வாங்கினாய் என்ற விசாரணை அவர் ஓய்வு பெற்ற பிறகும் வரலாம். அதனால் கோப்பில் ‘மேல்முறையீடு செய்யலாம்’ என்று எழுதுவதே அவருக்குப் பாதுகாப்பு. வட்டி ஏறுவது அவர் பணம் அல்ல.

மத்திய அரசு இதை உணர்ந்து 2023இல் ‘விவாத் சே விஸ்வாஸ்’ இரண்டாம் திட்டத்தைக் கொண்டுவந்தது: நீதிமன்றத் தீர்ப்பு இருந்தால் அந்தத் தொகையில் 85 சதவீதம் வரை, நடுவர் தீர்ப்பு மட்டும் இருந்தால் 65 சதவீதம் வரை பெற்றுக்கொண்டு வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்றது. அதிகாரி கையெழுத்திடத் துணிந்ததற்குக் காரணம் சதவீதத்தை அவர் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான். ஆனால், 2024 ஜூன் 3 அன்று நிதியமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல் வேறு பக்கம் திரும்பியது. அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்களில் நடுவர் பிரிவை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம், சேர்த்தாலும் 10 கோடி ரூபாய்க்குக் குறைவான தகராறுகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றது. சமரசத்தை ஊக்குவிக்கவும் அதில் சொல்லியிருக்கிறார்கள். விட்டுக்கொடுக்கும் அதிகாரிக்கு யார் பாதுகாப்பு என்ற இடத்தில்தான் அது உங்கள் துறையில் நிற்கும் அல்லது விழும்.

உங்கள் வழக்கு மத்திய அரசுத் துறையோடு என்றால் இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். நடுவர் தீர்ப்பை எதிர்த்து அரசு நீதிமன்றம் போனால், வங்கி உத்தரவாதத்தின் பேரில் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை ஒப்பந்ததாரருக்கு வழங்க வேண்டும் என்று பொது நிதி விதிகளில் 227ஏ என்ற விதி 2021இல் சேர்க்கப்பட்டது. அதைக் குறிப்பிட்டுத் துறைக்கு இன்றே ஒரு கடிதம் எழுதி, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.